திரையில் ஒரு நோயாளி

1976-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார். காயம்பட்ட பிள்ளைகளுக்கு உள்ளூர் மருத்துவமனையில் கிடைத்த அரைகுறைச் சிகிச்சை அவரை உலுக்கிவிட்டது. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லித்தரும் விபத்துச் சிகிச்சைப் பயிற்சி அந்த வேதனையில் பிறந்ததுதான்.

இன்று புதிய செவிலியர்கள் அதைக் கணினித் திரையிலும் பழகுகிறார்கள். பைக்கிலிருந்து விழுந்த இளைஞர் ஒருவர் திரையில் வருகிறார். நாடித்துடிப்பு 120. ரத்த அழுத்தமோ சரியாக இருக்கிறது. சரிதானே என்று காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஆள் மயங்கிச் சரிகிறார். உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரைகூட அழுத்தம் இறங்காமல் இருக்கலாம். நாடிதான் முன்கூட்டியே எச்சரிக்கும். புத்தகத்தில் இதைப் படித்து மறந்தவர்கூட, தன் தாமதத்தால் ஒருவர் சரிவதைப் பார்த்தால் மறக்கமாட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், எந்த உயிருக்கும் ஆபத்தில்லாமல்.

ஆனால் ரத்தம் பீறிடும் காயத்தை எவ்வளவு பலமாக அழுத்துவது என்பதைத் திரை சொல்லித்தராது. அதற்குப் பயிற்சிப் பொம்மையும், பக்கத்தில் நிற்கும் மூத்த செவிலியரும் வேண்டும். செவிலியர் கல்லூரி நடத்துகிறவர்களே, கணினி வாங்கும்போது அந்த மூத்தவர்களின் நேரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள்.