வாடகை வீடும் வருமுன் காத்தலும்

நெய்வேலி என்றதும் நம் நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரி. அதற்கென 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் தோன்றியது. 1961-இல் முதன்முதலாகக் கரி வெட்டி எடுக்கப்பட்டது. இக்கரிக்கு ஒரு வியத்தகு இயல்பு உண்டு. வெட்டிக் குவித்து வைத்தால், எவரும் நெருப்பிடாமலே தீப்பற்றக்கூடும். காற்றிலுள்ள பிராணவாயு கரியோடு சேரும்போது பிறக்கும் வெப்பம், குவியலினுள்ளேயே தங்கிப் பெருகுவதுதான் காரணம். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. வீடுகளும் சில வேளை இப்படித்தான். இதனை நான் என் பிழையாலேயே கற்றேன்.

நகரியத்தினுள் இருக்கும் குடியிருப்புகள் நிறுவனத்துக்கு உரியவை. வெளியே வடக்குத்து, மந்தாரக்குப்பம் போன்ற இடங்களில் தனியார் வீடுகள் உண்டு. அத்தகைய சிறு வீடொன்றை நான் வாடகைக்கு விட்டிருந்தேன். குளியலறைக் குழாயைத் தொட்டால் கை சுரீர் என்கிறது என்று குடியிருந்தவர் இருமுறை சொன்னார். “அடுத்த மாதம் பார்ப்போம்” என்றேன். அடுத்த மாதம் வருமுன், மழை நாளொன்றில், அவருடைய சிறு மகள் அக்குழாயைத் தொட்டு அலறி விழுந்தாள். பாட்டியார் ஓடிச் சென்று மெயின் சுவிட்சை அணைத்தார். குழந்தை பிழைத்தாள். மருத்துவமனையில் என்னைக் கண்ட தந்தை, “ஐயா, சொன்னேனே” என்றார்; வேறொன்றும் சொல்லவில்லை.

சுவரைத் திறந்து பார்த்தபோது மின்கம்பியின் மேலுறை நைந்திருந்தது. நில இணைப்போ அறுந்து கிடந்தது. செப்பனிட ஆன செலவு ஒரு மாத வாடகையினும் குறைவு. ஆர்.சி.டி. எனும் உயிர்காக்கும் சாதனத்தையும் அன்றே பொருத்தினேன். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலும் கண்ணிமைப்பதற்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். “வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே” என்ற நினைப்பே என்னை அசட்டையாக இருக்கச் செய்தது. அந்தப் பத்திரத்தை அன்றுதான் முழுமையாகப் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் கட்டடத்துக்கு நேரும் சேதத்தை அது ஈடுசெய்கிறது. மனையின் விலை கணக்கில் வாராது. மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு. வீடு குடியிருக்கத் தகாததாயின் இழந்த வாடகைக்கும் வழி உண்டு. ஆனால் நாட்பட்ட தேய்மானத்துக்கு ஈடு இல்லை. குடியிருப்பவரின் பொருள்களுக்கு அவரே தனியாகக் காப்பீடு செய்துகொள்ள வேண்டும். அக்குழந்தையின் உயிரோ எந்தப் பத்திரத்தின் விலைக்கும் அடங்காதது!

அப்படியானால் காப்பீடு வீணா? அன்று. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அத்தகைய இழப்பைத் தனி மனிதர் தாங்க இயலாது. பலர் சிறுகச் செலுத்தும் தொகை சிலரது பெருநட்டத்தை ஈடுசெய்வதே காப்பீட்டின் தத்துவம். 1666-இல் இலண்டன் மாநகரைத் தீ அழித்த பின்னரே அங்கே தீக்காப்பீடு வேரூன்றியது. புயலைத் தடுக்க நம்மால் இயலாது. அதற்குக் காப்பீடு வேண்டும். நைந்த கம்பியை மாற்ற நம்மால் இயலும். அதற்குக் காப்பீடு மாற்று ஆகாது.

இப்பொறுப்பைச் சட்டமும் பகிர்ந்தளிக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிடில், கட்டடப் பழுது, குழாய் மாற்றம், மின்கம்பிப் பராமரிப்பு ஆகியவை உரிமையாளரைச் சாரும்; சுவிட்சு, குழாய்த் திருகு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவரைச் சாரும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை வாடகை வீட்டில் குடியிருப்பீர்கள். சிலர் வீட்டுக்கு உரியவரும் ஆவீர்கள். குடியிருப்பவராயின், பழுதைக் கண்ட அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உரியவராயின், “அடுத்த மாதம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லின் விலையை நான் மருத்துவமனை வாயிலில் நின்று அறிந்தேன்.