திட்டம் போட்டுப் போவதே இன்பம்!

(‘பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது, திட்டம் போட்டுப் போவதா? போகிற போக்கில் போவதா?’ என்ற தலைப்பில், ராஜபாளையத்தில் தொலைக்காட்சிக்காக நடந்த பட்டிமன்றத்தில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எந்தத் திட்டமும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய நண்பர் கேட்டார்: “பறவை என்ன டைம்டேபிள் போட்டுக்கிட்டா பறக்குது?” நடுவர் அவர்களே, வேடந்தாங்கலுக்கு வருகிற பறவை மழை பெய்து ஏரி நிறைந்த பிறகுதான் வருது. சித்திரை வெயில்ல வந்து இறங்கி, ‘எங்கய்யா தண்ணி?’ன்னு கேட்கிறதில்லை. பறவைக்குத் திட்டம் இருக்கு. நம்ம நண்பருக்குத்தான் இல்லை! (கைதட்டல்)

திட்டம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த ஊர்தான். மேற்கே மலையடிவாரத்துக் காட்டுக்குள்ள, ஆற்றைத் தாண்டி உட்கார்ந்திருக்கார் நம்ம நீர்காத்த அய்யனார். எனக்குக் கல்யாணமான புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில, “கிளம்புங்க, அய்யனார் கோவில்ல பொங்கல் வைப்போம்”னார் என் வீட்டுக்காரர். ஐப்பசி மாசம். மலை மேல கருகருன்னு மேகம். யாரும் அண்ணாந்து பார்க்கலை. முழங்கால் அளவு தண்ணியில சிரிச்சுக்கிட்டே ஆற்றைக் கடந்தோம். பொங்கல் பொங்குச்சோ இல்லையோ, பின்னாலேயே ஆறு பொங்கிருச்சு! மேலே மலையில மழை. கீழே எங்க தலையில ஒரு சொட்டு விழலை. சாயங்காலம் தீயணைப்புத் துறையினர் வந்து, கயிறு கட்டி, ஒவ்வொருத்தராகக் கரை சேர்த்தாங்க. எங்க வெண்கலப் பானை மட்டும் எந்தத் திட்டமும் இல்லாமல் ஆற்றோடு தனியா டூர் போயிருச்சு. (பலத்த சிரிப்பு)

இன்றைக்குச் சிரிக்கிறோம். அன்றைக்கு என் மாமனார் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கின நடுக்கம் எனக்கு மறக்கலை. அன்றைக்கே முடிவு பண்ணினேன்: இனி இந்தக் குடும்பத்தில் பயணத் திட்டம் என் கையில்தான்!

அந்த மாமனாருக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் பிறந்தது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க. ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு, மனுஷனை நெல் அளக்கிற மாதிரி அளந்து பிரிச்சாங்க. அப்படிப் பிரிஞ்ச குடும்பம் இவருடையது. 1973-இல், பதினாறு வயசில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கினவர். “பிறந்த லயத்தை ஒரு தடவை பார்த்துட்டா போதும்மா” என்பார்.

2025 பிப்ரவரியில் கூட்டிக்கொண்டு போனோம். நான்கு பேர். மூன்று வாரம். ஒரு வேன். தீவு முழுக்க ஒரு சுற்று.

முதலில் என் வீட்டுக்காரர் வரைபடத்தை விரித்தார். “தமிழ்நாட்டில் பாதிதானே இருக்கு! ஒரு வாரம் போதும். மே மாசம் போவோம்.” நான் கேட்டேன், “என்னங்க, அங்கே மழை எப்போ?” விசாரித்தால், அந்த ஒரே தீவுக்கு இரண்டு மழைக்காலம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கொழும்பு, காலி, மலையகம் எல்லாம் நனையும், திருகோணமலை காயும். அக்டோபருக்கு மேல் ஜனவரி வரை வடக்கும் கிழக்கும் நனையும். ஏப்ரல் நடுவில் போகலாம் என்றால் அங்கே புத்தாண்டு. சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாளில் புத்தாண்டு. பாதிக் கடை பூட்டியிருக்கும், நுவரெலியாவில் அறை கிடைக்காது. தீவு முழுக்கச் சுற்றுவதற்குத் தோதானது பிப்ரவரி, மார்ச். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு ஒரு சாயங்காலம்!

அடுத்து, “வண்டியை நானே ஓட்டுறேன்” என்றார். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுறாங்க. ஆனால் நம்ம ஊர் லைசென்சை மட்டும் காட்டி ஓட்ட முடியாது; அங்கே அதற்கு அனுமதி வாங்கணும். அதை விடுங்க. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. ராஜபாளையத்திலிருந்து மதுரை போகிற தூரம்தான். ஆனால் மலைப்பாதை, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அத்தனை வளைவையும் இவர் பார்த்தால், அருவியை யார் பார்க்கிறது? அதனால் அந்த ஊர் டிரைவரோடு வேன் பேசினோம். தங்கும் இடத்துக்கெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்தேன்: “டிரைவர் தம்பி படுக்க இடம் உண்டா?” ராத்திரி தூங்காத டிரைவரை நம்பி மலையேறுவது பயணம் இல்லை, நடுவர் அவர்களே, தற்கொலை! (கைதட்டல்)

நான் போட்ட திட்டம் இவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரக் கூடாது. ஓர் ஊருக்குக் குறைந்தது இரண்டு ராத்திரி. மாமாவின் சர்க்கரை மாத்திரை இருபத்தைந்து நாளைக்கு, டாக்டர் சீட்டோடு. நுவரெலியா ஆறாயிரம் அடி உயரம், ஆளுக்கொரு ஸ்வெட்டர். சிகிரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் நாங்கள் ஏறும்போது அவங்க நிழலில் உட்கார இடம் எது என்பது வரைக்கும் விசாரிச்சாச்சு. டைரியில் எல்லாவற்றுக்கும் மேலே இதை எழுதி வைத்தேன்: ‘நம்மில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவர் நடைக்குத்தான் திட்டம்.’

காலிக் கோட்டை, கதிர்காமம் பார்த்து மலையேறினோம். மலையகத்துக்கு மட்டும் நாலு ராத்திரி. அதில் ஒரு நாளைக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை. காலி! “இது என்ன, அச்சுப் பிழையா?”ன்னு கேட்டார் வீட்டுக்காரர். “இருக்கட்டும்”னு சொன்னேன்.

தோட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொந்தக்காரர் ஒருவர் மூலம் கடிதம் போட்டு, உள்ளே வர அனுமதி கேட்டிருந்தோம். போய் இறங்கினால், லயத்து வாசலில் ஒரு பாட்டி. எண்பது வயசுக்கு மேல் இருக்கும். மாமாவின் அம்மாவோடு ஒன்றாகக் கொழுந்து பறித்தவங்க. இப்போது அட்டனில் மகள் வீட்டில் இருக்காங்க. நாங்கள் வருகிற தேதி தெரிந்து, முதல் நாளே வந்து காத்திருந்தாங்க. மாமாவை ஏற இறங்கப் பார்த்தாங்க. “அடே, நீயா? அம்மா சொகமா இருக்காளா?”

மாமாவின் அம்மா இறந்து வெகுகாலம் ஆச்சு. அதை அவர் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துட்டார். பிளேன்டீ வந்தது. பேச்சு வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களம் எங்கே இருந்தது, யார் யார் கப்பல் ஏறினாங்க, யார் இங்கேயே இருந்துட்டாங்க... பொழுது சாய்ந்தது. பாட்டி சொன்னாங்க, “நாளைக்கும் வாடா.”

நடுவர் அவர்களே, போகிற போக்கில் போயிருந்தால் அந்தப் பாட்டி அட்டனில் இருந்திருப்பாங்க. நாங்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். ‘காலை கண்டி, மதியம் சிகிரியா’ என்று நெருக்கி அடைத்திருந்தால், ‘நாளைக்கு வர முடியாது பாட்டி’ என்று கிளம்பியிருப்போம். எங்களிடம் காலியாக ஒரு நாள் இருந்தது! எதிர்பாராத இன்பம், எதிர்பாராத இன்பம் என்கிறார்களே எதிரணியினர், அது வந்து உட்கார ஒரு நாற்காலி போட்டு வைப்பதற்குப் பெயர்தான் திட்டம்! (நீண்ட கைதட்டல்)

பிறகு கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாம் பார்த்தோம். அநுராதபுரத்துப் பக்கம் சிங்களக் கிராமங்களில் ஏரிக்கரைக்குக் காவல் தெய்வம் யார் தெரியுமா? ‘ஐயநாயக்க’ என்று கும்பிடுகிறார்கள். நம்ம அய்யனார்தான்! அங்கேயும் நீர் காக்கிறார். கடைசியாகத் தலைமன்னார். இந்தப் பக்கம் தனுஷ்கோடி சுமார் முப்பது கிலோமீட்டர்தான். கப்பல் நின்று நாற்பது வருஷம் ஆன அந்தப் பழைய துறையில் மாமா கொஞ்ச நேரம் நின்றார். “அன்னைக்கு யாரோ போட்ட திட்டத்துல நான் போனேன். இன்னைக்கு எனக்காகப் போட்ட திட்டத்துல வந்திருக்கேன், தாயி” என்றார்.

நாங்கள் திரும்பி வந்த அதே வருஷம், நவம்பர் கடைசியில் டிட்வா புயல். அதே மலையகத்தில் மண் சரிந்து எத்தனையோ உயிர் போச்சு. சாலையும் ரயில் பாதையும் பல இடத்தில் அறுந்தது. செய்தியைப் பார்த்துட்டு, அன்று முழுக்க மாமா சாப்பிடலை. மழையை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் வயசானவங்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது மேகத்தை அண்ணாந்து பார்க்கலாம் அல்லவா?

கூட வருகிறவர்களுக்கு நாம் செய்கிற மரியாதைதான் திட்டம். ஆகவே, திட்டம் போட்டுப் போவதே இன்பம் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு அய்யனாருக்குப் பொங்கல் வைக்கப் போறோம். மழை நிலவரம் கேட்டாச்சு. பானையிலும் கயிறு கட்டியாச்சு! (சிரிப்பு, கைதட்டல்)