சத்திரசிகிச்சைக்குப் பின்



வயிற்றுவலி, கழிச்சல், மெலிவு எனக் குடலைப் பற்றி வாட்டும் குரோன் நோயைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றேன். 1932 இல் நியூயோர்க் வைத்தியர் பரில் குரோனும் இரு தோழர்களும் இதனை விளக்கி எழுதினர். 1956 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் இதற்காகவே சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். நவம்பரில் மீண்டும் தேர்தலில் வென்றார். இந்நோயுடனும் பெரும் பொறுப்பைத் தாங்கலாம் அன்றோ!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பழுதுற்ற குடலை வெட்டியெடுத்தாலும் நோயின் வேர் அறுவதில்லை. குடலை இணைத்துத் தைத்த இடத்தருகே, வலி தோன்றுமுன்பே, புண் மீண்டும் அரும்பக்கூடும். அதைத் தடுக்கவே அசதியோபிரின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. அவை உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் இரத்தப் பரிசோதனையும் தவறாது வேண்டும். சிறுகுடலின் கடைப்பகுதியை இழந்தோருக்கு பி12 ஊசியும் தேவைப்படலாம். புகைத்தலோ நோயை மீண்டும் அழைக்கும்.

நம் தோட்டங்களில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. ஆகவே, "இப்போது சுகந்தானே" என்று மருந்தை நிறுத்த மனம் நாடும். அச்சுகம் மருந்து காத்துத் தரும் சுகம்! வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியா செல்லும் பஸ் செலவும், இழந்த நாட்சம்பளமும் இலவசமல்ல. கிளினிக் நாளில் அத்தகையோர்க்கு நம் வாலிபர் துணைநிற்பாராயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை.