தியானமும் மாத்திரையும்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

போன மாதம் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு மனப்பதற்றம், ஓராண்டாக மாத்திரை சாப்பிடுகிறாள். "தியானம் செஞ்சா மருந்தே தேவையில்லன்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சிட்டாங்களாமே பாய், நிறுத்திரலாமா?" என்று கேட்டார். செல்போனில் வந்த செய்தியாம். அதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆய்வு நடந்தது நிஜம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் தலைமையில் நடந்து, 2022 நவம்பரில் முடிவு வெளியானது. பதற்ற நோயுள்ள 276 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரை, மற்றதற்குத் தியானப் பயிற்சி. 8 வாரம் கழித்துப் பார்த்தால், இரு குழுவிலும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. பக்கவிளைவு தியானக் குழுவில் மிகக் குறைவு.

செல்போன் செய்தி இத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பயிற்சி என்ன தெரியுமா? வாரம் ஒருநாள் தேர்ந்த ஆசிரியரிடம் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம், நடுவில் ஒரு முழுநாள் பயிற்சி வேறு. நாம் ஐந்து நிமிடம் கண்ணை மூடிவிட்டுப் போனை எடுப்பது அதில் சேராது! இன்னொன்று, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் அதை நிறுத்தலாமா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல.

2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 3,515 பேரிடம் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தியானத்தால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஓரளவு குறைகிறது என்றார்கள். மருந்தையோ உடற்பயிற்சியையோ விட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

திக்ருக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்கிறீர்கள். 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து, கிறிஸ்தவர்களின் ஜெபமாலையையும் யோக மந்திரத்தையும் சோதித்தார்கள். ஓதும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இதயம், ரத்த ஓட்டத்தின் தாளங்களும் ஒத்திசைந்தன. அவர்கள் அளந்தது மூச்சு, நாடி போன்ற உடல் இயக்கங்களைத்தான். நாம் திக்ரு செய்வது அதற்காகவா?

அந்தத் தாயிடம் சொன்னேன்: "திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், பதற்றம் திரும்பிவிடலாம். குறைப்பதானால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிள்ளை பயிற்சியும் செய்யட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும்." டாக்டரிடம் தனியாகப் போகக் கூச்சம் என்றார். நம் அலுவலகச் சகோதரி ஒருவர் துணைக்குப் போய்வந்தார்.

வேறு யாருக்கும் அப்படித் துணை வேண்டுமானால், அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பெயரை எந்த நோட்டிலும் எழுத மாட்டோம்.