சொந்த ஊர் வீடே!

(முதுமையில் பாதுகாப்பும் நிம்மதியும் தருவது பிள்ளைகளின் மாநகர வீடா? சொந்த ஊர் வீடா? என்ற தலைப்பில் பேசியது)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எல்லாரையும் லிஃப்டில் ஏற்றி ஆறாவது மாடியில் இறக்கிவிட்டுப் போன எதிரணித் தலைவர் அவர்களே! அவையில் அமர்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "நகரத்தில் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஊரில் என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். பெரியவங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் போறாங்க? வீட்டுக்குள்ளேயே வழுக்கி விழுந்து போறவங்க எத்தனை பேர்! தவறி விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் அதிகம் 60 வயதைத் தாண்டியவர்கள். அப்போ ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது இரண்டாவது. விழாத வீடு இருப்பதுதான் முதலாவது. (கைதட்டல்)

எனக்குச் சின்னசேலம். சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கிற ஊர். மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற மண். எங்க அத்தை அங்கேதான் ஓட்டு வீட்டில் இருந்தாங்க. ஒரு மழைக்குச் சுவர் இறங்கிடுச்சு. மகன் நல்ல பிள்ளை, சென்னைக்கு அழைச்சிட்டுப் போனார். ஏ.சி. அறை, டி.வி., வேளைக்கு மாத்திரை, எல்லாம் உண்டு. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கப் போனேன். அத்தை சொன்னாங்க:

"தம்பி, நம்ம ஊர்ல ஒரு நாள் நான் வாசல் தெளிக்கலேன்னா, 'ஏன் இன்னும் கதவு தொறக்கல'ன்னு தெருவே வந்து எட்டிப் பார்க்கும்டா. இங்க பாலு பாக்கெட்டு கதவுல தொங்குது. நான் எடுக்கலேன்னா யாருக்குத் தெரியும்?"

நடுவர் அவர்களே, மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார்கள். குற்றம் சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் காவல் யார்? எங்க ஊரில் தெளிக்காத வாசலே தந்தி அடிச்சிடும்! (சிரிப்பு, கைதட்டல்)

அதே மனையில் இரண்டு அறை வீடு கட்டினோம். மகன் பளபளன்னு டைல்ஸ் கொண்டுவந்தார். அத்தை காலை வச்சுப் பார்த்துட்டு, "இதுல மொகம் பார்க்கலாம்பா, நடக்க முடியாது" என்றார்கள். (சிரிப்பு) சொரசொரப்பான தரை போட்டோம். கட்டில் வாங்கும்போது அத்தையையே உட்கார வச்சுப் பார்த்தோம். இரண்டு பாதமும் முழுசாத் தரையில் படணும், அதுதான் அளவு. கட்டிலில் இருந்து நாலு எட்டில் கழிப்பறை. உட்கார்ந்து எழுந்திருக்கிற கோப்பை. பக்கத்தில் சுவரோடு இறுக்கிய கைப்பிடிக் கம்பி. துண்டு போடுகிற கம்பியைப் பிடிச்சா, கம்பியும் வரும், ஆளும் வரும்! கதவு வெளிப்பக்கம் திறக்கும். ஏன்? உள்ளே ஒருத்தர் மயங்கிக் கதவை அடைச்ச மாதிரி விழுந்துட்டா, உள்பக்கம் தள்ளுகிற கதவை எப்படித் திறப்பீங்க?

ஒரு சண்டை வந்தது. உள்ளே எங்கேயும் படி வேண்டாம்னு நாங்க. நிலைவாசலுக்குப் படி இல்லாம வீடான்னு அத்தை. கடைசியில் தலைவாசலில் மட்டும் ஒரு படி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அந்தப் படிக்கு அத்தை மஞ்சள் பூசுறாங்க. மங்கலான கண்ணுக்கும் அது பளிச்சுனு தெரியுது! (கைதட்டல்)

சரி, ஆஸ்பத்திரி? 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008-இல் வந்தாச்சு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாச்சு. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாச்சு. எங்க ஊரில் இருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். சென்னையில் சாயங்கால நெரிசலில் அதில் பாதி தூரம் போய்க் காட்டுங்க பார்ப்போம்! (சிரிப்பு) பெரிய ஆபரேஷன் என்றால் நகரம் போகத்தான் வேணும். போகட்டும், குணமாகித் திரும்பி வரட்டும். அதுக்காக மிச்ச ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருக்கணுமா?

இன்னொன்று. நகரத்து வீடு யார் பேரில்? பிள்ளை பேரில். அங்கே பெரியவர் விருந்தாளி. எலி வளையானாலும் தனி வளை வேணும் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. நகரத்தில் வீடு வாங்க ஊர் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் இரண்டு இடத்திலும் உரிமை இல்லாமல் நிற்கிற தாய் தகப்பனை நாம பார்க்கலையா? அதனால்தானே 2007-இல் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டமே வந்தது! பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யச் சொல்லி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம் என்கிறது அதன் 23-ஆவது பிரிவு. பெரியவங்களே, எழுதிக் கொடுத்தே ஆகணும்னா அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்க. எங்க அத்தை வீட்டுப் பத்திரம் அத்தை பேரிலேயே இருக்கு. மகன் மாசம் ஒரு தடவை வர்றார். வந்தா, "வாடா, சாப்பிட்டியா?"ன்னு வீட்டுக்காரியா நின்னு கேட்கிறாங்க. அந்த அதிகாரத்தை எந்த ஆறாவது மாடி கொடுக்கும்?

ஆகவே, தெரிந்த தெருவும், தெரிந்த முகமும், தன் பேரில் ஒரு கதவும் இருக்கிற இடமே முதுமைக்குப் பாதுகாப்பு. அது சொந்த ஊர் வீடே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)