பழைய தங்கத்தில் புது நகை

பெயர் பொறித்த மோதிரமோ, குடும்ப வழக்கப்படியான தாலியோ, ஒருவருக்கென்றே செய்யும் நகைக்குப் புதிதாக வெட்டியெடுத்த தங்கம் தேவையில்லை. தங்கம் துருப்பிடிக்காது; எத்தனை முறை உருக்கிச் சுத்தம் செய்தாலும் தன் குணம் மாறாது. பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்கு வளையல் செய்வது தமிழகப் பட்டறைகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். சூழலுக்கு இதைவிட நல்ல வழி அரிது.

காரணம், சிறு சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் சேர்க்கிறார்கள். சூடாக்கும்போது எழும் ஆவி தொழிலாளியின் நரம்புகளைத் தாக்குகிறது. 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதரசம் பற்றிய மினமாட்டா பன்னாட்டு உடன்படிக்கை இந்தப் பழக்கத்தைக் குறைக்க, முடிந்தால் ஒழிக்கச் சொல்கிறது.

பட்டறைக்குள்ளும் ஆபத்து உண்டு. பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தினால் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஊதுகுழலுக்கு அருகே குனிந்திருப்பவரே அதை முதலில் சுவாசிக்கிறார். காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. தங்கம் வீணாகாமலிருக்க, அரம் போடும்போது உதிரும் துகள், கூட்டிய மண், கை கழுவிய நீர், எல்லாவற்றையும் சேர்த்துவைத்துத் தங்கத்தை மீட்கிறார்கள்.

பழைய நகையை உருக்கினால் அழுக்கும் அரக்கும் போக எடை குறையும். ஆகவே கல்லைக் கழற்றி, உருக்கும் முன்னும் பின்னும் உரியவர் கண்முன்னே எடைபோடுவதே நேர்மை.

கடையில் புதிதாக வாங்கும் 22 காரட் நகையில் 916 முத்திரையுடன் ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கடை விற்பனையில் இந்தக் குறி கட்டாயம். அது தூய்மையைச் சொல்லும், எந்தச் சுரங்கத்துத் தங்கம் என்று சொல்லாது. அதைக் கடைக்காரரிடம்தான் கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.