வெப்பமண்டலப் புயலும் தூரதேசத்துப் பனியும்

  

வெப்பமண்டலக் கடலில் எழும் புயல் கரையேறியோ கடலிலேயே நலிந்தோ தன் ஆயுளை முடித்துக்கொள்கிறதென்றும், வடக்கே நேரும் கடுங்குளிருக்கும் பெரும்பனிக்கும் காரணத்தை அப்பிரதேசத்து மேலைக்காற்றிலேயே தேடவேண்டுமென்றும் என் நண்பர்கள் சிலர் நெடுங்காலமாக வாதித்து வருவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாதம் பிழையென்பதை இன்று ஒரே ஒரு புயலை வைத்து நிறுவ விரும்புகிறேன்.

2014 அக்டோபர் இறுதியில் பிலிப்பைன்சுக்குக் கிழக்கே தோன்றிய நூரி என்னும் புயல், சில தினங்களிலேயே உக்கிரமான சூறாவளியாக வளர்ந்து, பின் வடகிழக்கே திரும்பி, நவம்பர் 6 அளவில் வெப்பமண்டலப் புயலின் லட்சணங்களை இழந்தது. நண்பர்களின் கணக்குப்படி கதை அத்துடன் முடிந்தது. ஆனால் அடுத்த இரண்டு நாட்களுக்குள், பேரிங் கடலில் அதன் மைய அழுத்தம் 924 மில்லிபாருக்கு இறங்கிற்று. புயலுக்குள் மேலேறிய நீராவி மழையாகக் குளிர்ந்தபோது வெளிப்பட்ட வெப்பத்தினால் உந்தப்பட்ட காற்று, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் வடதிசை நோக்கிப் பரவி, அங்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெட் காற்றோட்டத்தைப் பெரிதாக வளைத்துவிட்டது. ராஸ்பி அலை எனப்படும் அவ்வளைவின் சக்தி, அலையின் முகடுகளைவிட விரைவாகக் கிழக்கே செல்லும் இயல்புடையது. அலாஸ்காவின் மீது அவ்வலையின் மேடு எழுந்தது. அதன் கிழக்கே பள்ளம் விழுந்தது. அப்பள்ளத்தின் வழியே வடதுருவக் குளிர் அமெரிக்காவுக்குள் இறங்கிற்று.

அக்குளிர்காற்று, இன்னும் உறையாதிருந்த ஈரி ஏரியின் நீரைக் கடந்தபோது ஈரத்தை வாரிக்கொண்டு, நவம்பர் 17 முதல் 19 வரை பஃபலோ நகரின் தென்புறத்தில் 5 அடிக்கு மேல் பனியைக் கொட்டியது. வாசற்கதவைத் திறந்தவர்கள், கதவின் வார்ப்பு அப்படியே பதிந்திருந்த வெண்சுவர் ஒன்றையே எதிரே கண்டார்கள். அதே நகரின் வடபுறத்திலோ சில அங்குலப் பனிதான்!

துருவக் குளிரும் ஏரியும் எப்போதும் உள்ளவை, புயலுக்கு இதில் என்ன பங்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று நம் சித்தாந்திகள் வகுத்ததை இங்கே நினைவுகூர்தல் தகும். குளிர்காற்று மண், ஜெட் காற்றோட்டம் திரிகை. அந்த வாரத்தில் அக்குளிர்காற்றை அவ்விதம் வனைந்த குயவன் நூரி. எல்லாப் புயலும் இவ்வாறு செய்வதில்லை என்பது மெய்யே. ஜெட் காற்றோட்டத்தை எந்த இடத்தில், எந்த வேளையில் சந்திக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வேளை பொருந்தவேண்டும் என்பதனால் காரணம் காரணமல்லாமற் போய்விடாது.

 

நூரி செய்ததைப்போல நம் வங்கக் கடற்புயல்களும் வடக்கே ஜெட் காற்றோட்டத்தை எவ்வளவு அசைக்கின்றன என்பதை ஒருவர் தனியே ஆராயவேண்டும். கணினியில் புயலை நீக்கியும் சேர்த்தும் முன்கணிப்பை ஓட்டிப் பார்ப்பது அதற்கு ஒரு வழி. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் ஒருவரேனும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.